கணினி விசிறியின் வேகக் கட்டுப்பாடு: கோளாறுகளைக் கண்டறிதல்

கணினியினுள் சூடாகும் பாகங்கள் மீது காற்றைச் செலுத்தும் விசிறியின் வேகத்தை, அப்பாகங்களின் வெப்பநிலைக்கு ஏற்பக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் ஏற்பாடு விசிறி வேகக் கட்டுப்பாடு எனப்படும். தொடக்க காலக் கணினி விசிறிகள் 12 வோல்ட் மின்னழுத்தத்தில் ஒரே வேகத்தில் ஓடின. இன்றைய மேசைக்கணினி, மடிக்கணினி, கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றில் விசிறி எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதை ஒரு சில்லு முடிவு செய்கிறது. இந்தக் கட்டுப்பாடு கெடும்போது கணினி ஓயாமல் இரையும். அல்லது சத்தமே இல்லாமல் உள்ளுக்குள் சூடாகி வேகம் குன்றும்.

இரண்டில் எது நேர்ந்தாலும் பெரும்பாலோர் முதலில் புது விசிறி வாங்கிவிடுகிறார்கள். பல நேரங்களில் அது வீண் செலவு. இடைவிடாமல் முழு வேகத்தில் சுழலும் விசிறி, விசிறி என்ற அளவில் நலமாகவே இருக்கிறது. மெதுவாகச் சுற்று என்ற கட்டளைதான் அதற்குப் போய்ச் சேரவில்லை. கட்டளை வராதபோது முழு வேகத்தில் ஓடும்படிதான் இந்த அமைப்பு வடிவமைக்கப்பட்டுள்ளது. கட்டளை அறுந்தால் இரைச்சல் வரட்டும், செயலி வேக வேண்டாம் என்பதே அந்த வடிவமைப்பின் எண்ணம். ஆகவே கோளாறைத் தேடும்போது விசிறியைக் கழற்றும் முன், கட்டளை எங்கே அறுந்தது என்று பார்க்க வேண்டும்.

வேகத்தை ஏன் குறைக்க வேண்டும்?

விசிறிகளுக்கு ஒரு பொது விதி உண்டு. செலுத்தும் காற்றின் அளவு சுழற்சி வேகத்துக்கு நேர் விகிதத்தில் மாறும்; அதற்குத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். நிமிடத்துக்கு 2400 சுற்று சுற்றும் விசிறியை 1200 சுற்றுக்குக் குறைத்தால் காற்று பாதியாகும், ஆற்றல் எட்டில் ஒரு பங்காகும், இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். காதுக்கு இது மிகப் பெரிய வேறுபாடு. தாங்கியின் தேய்மானமும், உள்ளே இழுக்கப்படும் தூசியும் வேகம் குறைந்தால் குறையும்.

கட்டுப்பாட்டுச் சங்கிலி

இந்த ஏற்பாட்டை ஒரு சங்கிலியாக நினைத்துக்கொள்ளலாம். முதல் கண்ணி வெப்பநிலை உணரி. செயலிக்குள்ளேயே ஓர் உணரி உண்டு; மதர்போர்டிலும் இரண்டு மூன்று இருக்கும். அடுத்தது கட்டுப்படுத்தும் சில்லு. மேசைக்கணினிகளில் பெரும்பாலும் நுவோடான் அல்லது ஐடிஇ நிறுவனத்தின் சூப்பர் ஐஓ என்ற வகைச் சில்லு இந்த வேலையைச் செய்கிறது. மடிக்கணினிகளில் இதைச் செய்வது உள்ளமைக் கட்டுப்படுத்தி எனப்படும் தனிச் சிறு கணினி. மூன்றாவது, சில்லிலிருந்து விசிறிக்குப் போகும் மின் சைகை. நான்காவது, விசிறியின் மோட்டாரும் தாங்கியும். இவற்றுக்குப் பிறகு, விசிறி தன் வேகத்தைத் திருப்பிச் சொல்லும் கம்பி ஒன்று சங்கிலியை மூடுகிறது. விசிறி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை இந்தக் கம்பியில் அனுப்பும். நொடிக்கு 40 துடிப்பு வந்தால் விசிறி நொடிக்கு 20 முறை, அதாவது நிமிடத்துக்கு 1200 முறை சுழல்கிறது என்று சில்லு கணக்கிடும்.

எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

3 கம்பி, 4 கம்பி

விசிறியின் வேகத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உள்ளன. பழைய வழி, மின்னழுத்தத்தைக் குறைப்பது. 12 வோல்ட்டுக்குப் பதில் 7 வோல்ட் கொடுத்தால் மோட்டார் மெதுவாகச் சுழலும். 3 கம்பி விசிறிகள் இப்படித்தான் கட்டுப்படுத்தப்படுகின்றன. ஒரு கம்பி தரை, ஒன்று 12 வோல்ட், மூன்றாவது வேகத்தைச் சொல்லும் கம்பி. பயாஸ் திரையில் இந்த முறை 'டிசி' என்று குறிக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது வழி துடிப்பு அகலப் பண்பேற்றம். கடைகளில் இதைப் பிடபிள்யூஎம் என்பார்கள். இங்கே விசிறிக்கு எப்போதும் முழு 12 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும். நான்காவது கம்பி வழியாக ஒரு சைகை நொடிக்கு 25,000 முறை ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் அது எவ்வளவு நேரம் ஏறியே நிற்கிறது என்பதுதான் கட்டளை. பாதி நேரம் ஏறி நின்றால் ஏறத்தாழப் பாதி வேகம். இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4 கம்பி விசிறிக்கான வரையறை இந்த அலைவெண்ணை 21 முதல் 28 கிலோஹெர்ட்ஸ் வரை அனுமதிக்கிறது. மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது என்பதால், இந்தத் துடிப்பே ஒரு கீச்சொலியாகக் கேட்கும் தொல்லை இதில் இல்லை.

இந்த வரையறையில் உள்ள ஒரு நுணுக்கம் கோளாறு பார்ப்பவருக்கு மிகவும் பயன்படும். நான்காவது கம்பியின் சைகையை மேலே இழுத்துப் பிடிப்பது விசிறியின் உள்ளே இருக்கும் மின்சுற்று. மதர்போர்டு செய்வதெல்லாம் அதைக் கீழே இழுப்பது மட்டுமே. ஆகவே கம்பி அறுந்தாலும், பின் வளைந்தாலும், சில்லு செத்துப்போனாலும் சைகை மேலேயே நிற்கும். விசிறி முழு வேகத்தில் ஓடும்.

4 பின் ஹெட்டரில் 3 கம்பி விசிறியைச் செருக முடியும். செருகியின் வடிவம் அதற்கு இடம் தருகிறது. நான்காவது பின் மட்டும் வெளியே நிற்கும். 3 பின் ஹெட்டரில் 4 கம்பி விசிறியையும் செருகலாம். இரண்டுமே சுழலும். ஆனால் முதல் சேர்க்கையில், ஹெட்டர் பிடபிள்யூஎம் முறையில் இருந்தால், 3 கம்பி விசிறிக்கு வேகக் கட்டளை கேட்காது. அதற்கு நிலையான 12 வோல்ட் கிடைப்பதால் எப்போதும் முழு வேகம்தான்.

எப்போதும் முழு வேகம்

நான் பார்த்த அளவில், புதிதாகக் கட்டிய மேசைக்கணினி முதல் நாளிலிருந்தே இரைந்தால், பாதிக்கு மேல் காரணம் மேலே சொன்ன பொருத்தமின்மைதான். பயாஸுக்குள் சென்று அந்த ஹெட்டரின் முறையைப் பிடபிள்யூஎம்மிலிருந்து டிசிக்கு மாற்றினால் விசிறி அடங்கிவிடும். ஒரு முறை கணினியின் பெட்டி விசிறி இரண்டை மாற்றிப் புதியது வாங்கிப் போட்ட பிறகே இதை நான் கவனித்தேன். பழைய இரண்டும் இன்றும் வேறொரு கணினியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. 'ஆட்டோ' என்ற தேர்வு தானாகவே விசிறியின் வகையைக் கண்டுபிடிக்கும் என்று நம்ப வேண்டாம். சில பலகைகளில் அது தவறிவிடுகிறது.

இதற்கு நெருங்கிய இன்னொரு தவறு, விசிறியைத் தண்ணீர்க் குளிர்விப்புப் பம்புக்கான ஹெட்டரில் செருகிவிடுவது. பார்க்க மற்றவை போலவே இருந்தாலும், பம்பு ஹெட்டர் பொதுவாக முழு வேகத்திலேயே அமைக்கப்பட்டு வரும். பலகையில் அதன் அருகில் அச்சிட்ட எழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கணினி நேற்று வரை அமைதியாக இருந்து இன்று இரைகிறது என்றால் வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். செயலி உண்மையிலேயே 90 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தால் கட்டுப்பாடு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, கோளாறு குளிர்விப்பில். இன்டெல் செயலிகளோடு வரும் குளிர்விப்பானில் நான்கு மூலையிலும் அழுத்திப் பூட்டும் பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். அவற்றில் ஒன்று தளர்ந்து மேலெழும்பினாலே போதும், ஹீட் சிங்க் ஒரு பக்கம் சாய்ந்து செயலியைத் தொடாமல் நிற்கும். பெட்டியைத் திறந்தவுடன் விரலால் நான்கையும் அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். ஹீட் சிங்க் தகடுகளுக்கு இடையே தூசி கம்பளம் போல் படிந்திருப்பதும், உலர்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் இதே விளைவைத் தரும். செயலியின் பயன்பாடு காரணமில்லாமல் 100 விழுக்காட்டில் நின்றால் பின்னணியில் ஓடும் நிரலைத் தேட வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் கிரிப்டோ நாணயம் தோண்டும் தீநிரலாகவும் அது இருக்கலாம்.

வெப்பநிலை குறைவாகவே இருக்கிறது, ஆனாலும் இரைகிறது என்றால் பயாஸ் அமைப்பு அழிந்திருக்கலாம். மதர்போர்டில் உள்ள நாணய வடிவ சிஆர்2032 மின்கலம் தீர்ந்தால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் பயாஸ் தன் தொடக்க அமைப்புக்குத் திரும்பும். நீங்கள் வரைந்து வைத்த விசிறி வளைவும் அதோடு போய்விடும். கணினியின் தேதியும் நேரமும் பின்னோக்கிப் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உணரியே இல்லாமல் போவதும் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் 2009 முதல் 2011 வரையிலான ஐமேக் கணினிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றில் வன்தட்டின் வெப்பநிலையை அறியத் தனி ஏற்பாடு இருந்தது. பயனர்கள் பழுதான வன்தட்டைக் கழற்றிவிட்டுக் கடையில் கிடைத்த சாதாரண வன்தட்டை மாட்டியபோது, அந்த வெப்பநிலைத் தகவல் வராமல் போயிற்று. தகவல் இல்லை என்றதும் வன்தட்டு விசிறி முழு வேகத்துக்குப் போய்விட்டது. விசிறியில் பழுதில்லை, வன்தட்டும் புதியது. சங்கிலியின் முதல் கண்ணி மட்டும் காணவில்லை. பிறகு இதற்கென்றே உணரியுடன் கூடிய இணைப்புக் கம்பிகள் விற்பனைக்கு வந்தன.

உணரி இருந்தும் எண் வேறாக இருப்பதும் ஒரு வகை. 2017இல் வந்த ஏஎம்டி ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகிய செயலிகள் உண்மையான வெப்பநிலையோடு 20 டிகிரி கூட்டியே அறிவித்தன. விசிறிக் கட்டுப்பாடு எல்லா மாதிரிகளிலும் ஒரே சீராக இருக்கட்டும் என்று ஏஎம்டியே செய்த ஏற்பாடு அது. இது தெரியாதவர்கள் வெறுமனே இருக்கும் கணினி 55 டிகிரி காட்டுகிறதே என்று குளிர்விப்பானைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுற்றாத விசிறி

இரைச்சலைவிட இதுதான் அவசரமானது. செயலியின் விசிறி நின்றுவிட்டால், செயலி குறிப்பிட்ட வெப்பநிலையைத் தொட்டதும் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் சூடேறினால் கணினியை அணைத்துவிடும். சேமிக்காத வேலை அதோடு போகும். இந்தப் பாதுகாப்பு எப்போதும் இருந்ததில்லை. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற தளம், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளிலிருந்து ஹீட் சிங்க்கைக் கழற்றி ஒரு சோதனை நடத்தியது. இன்டெல்லின் பென்டியம் 4 மெதுவானதே தவிரத் தொடர்ந்து ஓடியது. ஏஎம்டியின் அன்றைய ஆத்லான் சில நொடிகளில் கருகியது. இன்று எல்லாச் செயலிகளிலும் பாதுகாப்பு இருந்தாலும், அதையே நம்பி நாள் முழுதும் ஓட்டக்கூடாது. சூடாகி மெதுவாகும் கணினியைப் பழையதாகிவிட்டது என்று ஒதுக்கிவிடுவதும் நடக்கிறது.

சுற்றாமல் இருப்பதெல்லாம் கோளாறு அல்ல. இன்றைய பல கிராஃபிக்ஸ் கார்டுகளின் விசிறிகள், சில்லு 50 அல்லது 60 டிகிரியைத் தொடும் வரை வேண்டுமென்றே நின்றிருக்கும். சில மின்வழங்கிகளும் அப்படியே. ஒரு விளையாட்டையோ காணொளித் தொகுப்பு நிரலையோ சில நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

விசிறியைத் தொடங்க வைக்கும் மின்னழுத்தமும், சுழன்றுகொண்டிருக்கும் விசிறியை நிற்காமல் வைத்திருக்கும் மின்னழுத்தமும் ஒன்றல்ல. நின்ற வண்டியைத் தள்ளுவதற்கும் ஓடும் வண்டியைத் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. 5 வோல்ட்டில் தொடர்ந்து சுழலும் ஒரு விசிறி, நின்ற நிலையிலிருந்து கிளம்ப 6 அல்லது 7 வோல்ட் கேட்கலாம். தாங்கி பழையதாகி எண்ணெய் உலர உலர இந்த இடைவெளி பெரிதாகும். காலையில் கணினியைப் போட்டால் விசிறி சுற்றவில்லை, விரலால் ஒரு தட்டு தட்டினால் பிறகு நாள் முழுதும் ஓடுகிறது என்றால் இதுதான் காரணம். பயாஸில் குறைந்தபட்ச வேகத்தைச் சற்று உயர்த்திவைத்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆனால் அந்த விசிறிக்கு ஓய்வு கொடுக்கும் வேளை நெருங்கிவிட்டது.

கணினியைத் தொடங்கியதும் செயலி விசிறியில் பிழை என்று ஒரு செய்தி வந்து, எஃப்1 விசையை அழுத்தச் சொல்லி நிற்பது இன்னொரு வழக்கமான தொல்லை. செயலி விசிறிக்கான ஹெட்டரிலிருந்து வரும் வேகத் துடிப்பு, வரையறுத்த அளவுக்குக் கீழே இருந்தால் இந்தச் செய்தி வரும். விசிறி நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. அந்த எல்லை 600 சுற்றாக இருந்து, நீங்கள் மாட்டியது 500 சுற்றிலேயே ஓடக்கூடிய பெரிய, அமைதியான விசிறியாக இருந்தால், நல்ல விசிறியைத்தான் கணினி குறை சொல்கிறது. பயாஸில் கீழ் எல்லையை 300 அல்லது 200க்குக் குறைத்தால் போதும். எல்லையை முழுதாக நீக்கிவிடும் தேர்வும் இருக்கும். விசிறி உண்மையாகவே நிற்கும் நாளில் எச்சரிக்கை வராது என்பதால் அதைத் தொடாமல் விடுவது நல்லது.

அளந்து பார்த்தல்

பயாஸ் திரையே முதல் சோதனைக்கூடம். அங்கே இயங்குதளமும் இல்லை, வேறு மென்பொருளும் இல்லை. விசிறியைக் கைமுறைக் கட்டுப்பாட்டுக்கு மாற்றி, 100 விழுக்காடு, பிறகு 40 விழுக்காடு என்று கொடுத்துப் பாருங்கள். வேகம் மாறினால் சில்லு, கம்பி, மோட்டார் மூன்றும் நலம். தவறு இயங்குதளத்தில் ஓடும் ஏதோ ஒரு மென்பொருளில், அல்லது வெப்பநிலை உணரியில். வேகம் மாறவில்லை என்றால் மென்பொருளை மறந்துவிடலாம். பயாஸ் திரையில் இருக்கும்போது செயலி தன் மின்சேமிப்பு நிலைக்குச் செல்லாது. ஆகையால் அங்கே காட்டும் வெப்பநிலை, கணினி சும்மா இருக்கும்போது காட்டுவதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

அடுத்து, கணினியை அணைத்துவிட்டு விசிறியை வேறொரு ஹெட்டரில் மாற்றிச் செருகிப் பாருங்கள். தவறு விசிறியோடு இடம் மாறினால் விசிறியில் கோளாறு. பழைய ஹெட்டரிலேயே தங்கினால் பலகையில் கோளாறு. காசு செலவில்லாத இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை.

மல்டிமீட்டர் இருப்பவர்கள் முதல் பின்னுக்கும் இரண்டாம் பின்னுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கலாம். பிடபிள்யூஎம் ஹெட்டரில் வேகம் எதுவானாலும் 12 வோல்ட்டை ஒட்டியே இருக்கும். டிசி ஹெட்டரில் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். எதுவுமே இல்லை என்றால் அந்த ஹெட்டர் எரிந்திருக்கும். ஒரு ஹெட்டர் பொதுவாக 1 ஆம்பியர் வரையே தாங்கும். பிரிப்பான் கம்பி போட்டு ஒரே ஹெட்டரில் நான்கைந்து விசிறிகளை ஓட்டினால் அது எரிந்துபோக வாய்ப்புண்டு. அளக்கும்போது ஊசி முனை வழுக்கி 12 வோல்ட் பின்னையும் நான்காவது பின்னையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் கட்டுப்படுத்தும் சில்லே போய்விடும். கை நடுங்குபவர்கள் இதை விட்டுவிடலாம்.

கம்பியின் நிறத்தை நம்பி அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய 3 கம்பி விசிறியில் வழக்கமாகக் கறுப்பு தரை, சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேகம் சொல்லும் கம்பி. இன்டெல் வரையறையைப் பின்பற்றும் 4 கம்பி விசிறியிலோ மஞ்சள்தான் 12 வோல்ட், பச்சை வேகம் சொல்லும், நீலம் கட்டளை. நான்கும் கறுப்பாகவே வரும் விசிறிகளும் இப்போது மிகுதி. நிறத்தை விட்டுவிட்டுப் பின்னின் வரிசையைப் பார்ப்பதே சரி. புகழ்பெற்ற நிறுவனங்கள் கட்டி விற்கும் சில மேசைக்கணினிகளில் அந்த வரிசையும் செருகியின் வடிவமும்கூட வேறுபடும். அவற்றில் கடை விசிறியை மாட்டும் முன் மாதிரி எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

ஏறி இறங்கும் இரைச்சல்

சில கணினிகளில் விசிறி நான்கைந்து நொடிக்கு ஒருமுறை சீறி எழுந்து மீண்டும் அடங்கும். ஒரே சீரான இரைச்சலைக் காது மறந்துவிடும், இதை மறக்காது. காரணம் செயலிச் சில்லின் சிறுமை. விரல் நக அளவுள்ள அந்தச் சிலிக்கானின் வெப்பநிலை, ஓர் இணையப் பக்கத்தைத் திறந்த கணத்திலேயே 15, 20 டிகிரி தாவி, உடனே இறங்கிவிடும். ஹீட் சிங்க்கோ அதற்குள் சூடாகியே இருக்காது. சில்லின் ஒவ்வொரு தாவலுக்கும் விசிறி ஓடினால் பயன் ஏதுமில்லை, இரைச்சல்தான் மிச்சம்.

தீர்வு பயாஸிலேயே இருக்கிறது. விசிறி வேகம் ஏறவும் இறங்கவும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சில நொடிகளுக்கு நீட்டிக்கலாம். ஏறும் வெப்பநிலைக்கும் இறங்கும் வெப்பநிலைக்கும் இடையே 4, 5 டிகிரி இடைவெளி வைக்கலாம். வளைவை 50 முதல் 70 டிகிரி வரை கிட்டத்தட்டத் தட்டையாக வைத்து, அதற்கு மேல் செங்குத்தாக ஏற்றுவதும் நல்ல பலன் தரும். பெட்டி விசிறிகளுக்குச் செயலியின் வெப்பநிலையை விட மதர்போர்டின் வெப்பநிலையை ஆதாரமாகக் கொடுப்பது இன்னும் பொருத்தம். அது மெதுவாகத்தான் மாறும்.

திரையில் காட்டும் எண்

சுழலும் விசிறிக்குப் பூச்சியம் காட்டுவதும், 1000 சுற்று சுற்றும் விசிறிக்கு 2000 காட்டுவதும் உண்டு. பழைய கண்காணிப்புச் சில்லுகள் துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை 255 வரையே எண்ணும் சிறிய எண்ணியால் அளந்தன. விசிறி மெதுவாகச் சுழன்றால் எண்ணி நிரம்பி வழிந்து, சில்லு பூச்சியம் என்று சொல்லிவிடும். அவற்றில் வகுப்பான் 2 என்று இருந்தால் ஏறத்தாழ 2650 சுற்றுக்குக் கீழே எதுவும் தெரியாது. 8 ஆக மாற்றினால் 660 வரை தெரியும். பழைய கணினியில் லினக்ஸ் போட்டுப் படிப்பவர்கள் இதை இன்றும் சந்திக்கலாம்.

பிரிப்பான் கம்பியில் இரண்டு விசிறிகளை மாட்டும்போது, ஒன்றின் வேகக் கம்பி மட்டுமே பலகைக்குப் போக வேண்டும். இரண்டும் போனால் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து பொருளற்ற எண் வரும். நல்ல பிரிப்பான்களில் ஒரு செருகியில் மூன்றாவது பின் வேண்டுமென்றே இல்லாமல் இருக்கும். அதைக் குறைபாடு என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

மென்பொருள் வழிக் கட்டுப்பாடு

விண்டோஸில் ஸ்பீட்ஃபேன், ஃபேன் கன்ட்ரோல் போன்ற நிரல்களும், மதர்போர்டு நிறுவனங்களே தரும் நிரல்களும் உள்ளன. இவற்றில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். சூப்பர் ஐஓ சில்லோடு பேச, முதலில் எந்த அறை வேண்டும் என்று ஓர் எண்ணை எழுதி, பிறகு அந்த அறையைப் படிக்க வேண்டும். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பேசினால், ஒன்று எண்ணை எழுதிய கணத்தில் மற்றொன்று வேறு எண்ணை எழுதிவிடும். விளைவு: 127 டிகிரி, பூச்சியச் சுற்று போன்ற பேய் எண்கள், திடீர்ச் சீறல்கள்.

லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பு சில்லைக் கண்டுபிடித்து எண்களைக் காட்டும். விசிறியின் கட்டளை 0 முதல் 255 வரையான ஓர் எண்ணாக இருக்கும். அதோடு முறையைக் குறிக்கும் இன்னோர் எண்: பொதுவாக 0 என்றால் கட்டுப்பாடில்லா முழு வேகம், 1 என்றால் கைமுறை, 2 அல்லது அதற்கு மேல் என்றால் சில்லின் தானியங்கி முறை. வேகத்தை எழுதியும் விசிறி கேட்கவில்லை என்றால், முறை 1இல் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பிடபிள்யூஎம்கான்ஃபிக் என்ற நிரல் ஒவ்வொரு கட்டளையையும் பூச்சியமாக்கி, எந்த விசிறி மெதுவாகிறது என்று சில நொடி பார்த்து, அமைப்புக் கோப்பை எழுதித் தரும். அதன்படி ஃபேன்கன்ட்ரோல் சேவை விசிறியை ஆளும்.

இந்தச் சேவை பெரும்பாலும் இரண்டு இடங்களில் இடறும். கணினியை மறுபடி தொடங்கும்போது கண்காணிப்புச் சாதனங்களின் வரிசை எண் மாறினால், பழைய கோப்பு பொருந்தாமல் சேவை தொடங்க மறுக்கும். அப்போது பிடபிள்யூஎம்கான்ஃபிக்கை மீண்டும் ஓட்ட வேண்டும். உறக்க நிலையிலிருந்து கணினி எழும்போது பயாஸ் விசிறியைத் தன் பழைய முறைக்கு மாற்றிவிட்டால், சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

இவை தொல்லைகள்தான், ஆபத்து வேறிடத்தில் உள்ளது. சேவை முறையாக நிறுத்தப்பட்டால் கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டாலோ, கணினியே உறைந்துபோனாலோ, கைமுறையில் கடைசியாக எழுதிய எண்ணிலேயே விசிறி நிற்கும். அந்த எண் 40 என்றால், செயலி 95 டிகிரியைத் தொட்டாலும் 40தான். கட்டளை அறுந்தால் முழு வேகம் என்று மின்சுற்றில் செய்து வைத்த பாதுகாப்பு இங்கே உதவாது; ஏனெனில் கட்டளை அறுக்கப்படவில்லை, பழைய கட்டளையே உயிரோடு இருக்கிறது. பயாஸிலேயே நல்ல வளைவு வரைய முடிந்தால் மென்பொருளைத் தொடாமல் இருப்பதே மேல் என்று நான் சொல்வது இதனால்தான். திங்க்பேட் மடிக்கணினிகளுக்கான லினக்ஸ் இயக்கி இதை உணர்ந்து எழுதப்பட்டது. அதில் விசிறிக் கட்டுப்பாடு முதலில் பூட்டியே இருக்கும். திறந்த பிறகும், 120 நொடி வரை ஒரு காவல் நேரத்தை வைக்கலாம். அதற்குள் புதிய கட்டளை வராவிட்டால் இயக்கி விசிறியைப் பாதுகாப்பான நிலைக்குத் தானே மாற்றிவிடும்.

மடிக்கணினி

மடிக்கணினியில் விசிறியை உள்ளமைக் கட்டுப்படுத்தி ஆள்வதால் பயனர் செய்யக்கூடியது குறைவு. பயாஸைப் புதுப்பிப்பது ஒன்று. கணினியை அணைத்து, மின்னேற்றியைக் கழற்றி, மின் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடிப்பது இன்னொன்று. பல மாதிரிகளில் இது உள்ளமைக் கட்டுப்படுத்தியைப் புதிதாகத் தொடங்க வைக்கும், சிக்கிக்கொண்ட விசிறி அடங்கும். மற்றபடி பெரும்பாலான குற்றம் தூசியுடையது. அது விசிறி இதழில் இருப்பதைவிட, விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையே பஞ்சுப் பட்டையாகச் சேர்ந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் உள்ளே தள்ளப்படுமே தவிர வெளியே வராது. அடிமூடியைத் திறந்து எடுக்க வேண்டும். காற்றடிக்கும்போது இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; கட்டுக்கடங்காமல் சுழன்றால் தாங்கி கெடும்.

கரகரக்கும் விசிறிக்கு எண்ணெய் விடுபவர்கள் உண்டு. ஒட்டுத்தாளை உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில மாதம் ஓடும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். அது 24 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கும். குளிரூட்டிய அறையில் வைத்த கணினி அடுத்த நாள் காலையில் விசிறி சுற்றாமல் நிற்கும்.

அறையின் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். விசிறியால் எந்தப் பாகத்தையும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. 24 டிகிரி அறையில் 65 டிகிரி காட்டும் செயலி, அதே வேலையை அதே விசிறி வேகத்தில் செய்தால் 38 டிகிரி அறையில் 80ஐ ஒட்டிக் காட்டும். மார்கழியில் வரைந்து வைத்த வளைவு சித்திரையில் இரைந்தால் கோளாறு தேட வேண்டியதில்லை. 60 டிகிரியில் ஏறத் தொடங்கும் வளைவை 70க்கு நகர்த்திவிட்டு, 85க்கு மேல் முழு வேகம் என்பதை மட்டும் மாற்றாமல் விடலாம்.